எல்லையோரச் சிற்றூரிலிருந்து பாலின ஆய்வுத்துறைக்கு: ஆப்பிரிக்கப் பெண் பேராசிரியர்கள் நடந்த வழி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி போன்ற ஊராட்சிகளில், வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வளர்ந்து பட்டம் முடித்த பெண்களில் சிலர், பெண்கள் மேம்பாடு, சமூக வளர்ச்சி ஆகிய துறைகளில் ஆய்வு செய்து பேராசிரியராக முடியுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆந்திர எல்லையில் குப்பம், நகரிப் பக்கம் வாழும் தமிழ்ப் பெண்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இங்கே அயல்கூட்டம் என்று கேரளத்து மகளிர் சுய உதவிக் குழுவைக் குறிப்பிடுமிடத்தில் அவர்கள் தங்கள் பக்கத்து டுவாக்ரா குழு என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்பவர்களில் பெரும்பாலோர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், எந்தத் தேர்வு எழுதலாம் என்பதில் தொடங்கி, ஆய்வுக்குரிய கேள்வியைக் கடைசியில் தேடுகிறார்கள். இத்துறையில் பெயர் நிலைத்த ஆப்பிரிக்கப் பெண் அறிஞர்களிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கக் காண்கிறோம். சொந்த மண்ணில் கண்ணில் பட்ட ஒரு கேள்வியை அவர்கள் விடாமல் பற்றிக்கொண்டார்கள். பதவியும் பட்டமும் அந்தக் கேள்விக்குக் கருவிகளாயின. டெல்லியையோ ஐரோப்பாவையோ விட்டு ஆப்பிரிக்காவை முன்மாதிரியாகக் கொள்ளக் காரணம் உண்டு. மானாவாரி நிலம், கால்நடை, விறகும் தண்ணீரும் தேடும் உழைப்பு, ஒரே ஊரில் பல மொழிகள், உள்ளாட்சியில் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் என்று அவர்கள் ஆராய்ந்தவை நம் வட்டத்திலும் உள்ளவை. தங்களைப் பற்றி வெளியார் எழுதியதைப் படித்து அலுத்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு. ஆப்பிரிக்கப் பெண்களைப் பற்றிய ஆய்வை ஆப்பிரிக்கப் பெண்களே நடத்த வேண்டும் என்ற நோக்கத்துடன் 1977-இல் செனகலின் டக்கார் நகரை மையமாகக் கொண்டு அவர்கள் தங்களுக்கென ஓர் ஆய்வாளர் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் 1991-இல் மகளிரியலுக்குத் தனித்துறை தொடங்கியது. 1922-இல் நிறுவப்பட்ட அந்தக் கல்விநிலையம் பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டதே 1945-இல்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வியைக் கண்டெடுத்தல்

கென்யாவின் வங்காரி மாத்தாய் 1940-இல் பிறந்தவர். அவர் படித்ததும் கற்பித்ததும் கால்நடை உடற்கூறியல். சமூகவியலில் அவர் பட்டம் பெறவில்லை. 1971-இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றபோது, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. மாடுகளுக்கு வரும் நோயை ஆராய்வதற்காக நகருக்கு வெளியே உண்ணி சேகரிக்கப் போன இடத்தில், மழை பெய்ததும் ஆறுகள் மண்ணைச் சுமந்து பழுப்பாக ஓடுவதையும், மாடுகள் மேய்ச்சலின்றி எலும்பு தெரிய நிற்பதையும் அவர் பார்த்தார். பிறகு மகளிர் அமைப்புக் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, பிள்ளைகளுக்குச் சத்தான உணவில்லை என்று சொல்லக் கேட்டபோது, தாம் பார்த்ததும் அவர்கள் சொல்வதும் ஒன்றே என்று புரிந்துகொண்டார். 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு கன்றுகளை நட்டுத் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் அந்தப் புரிதலிலிருந்து வந்தது. நட்ட கன்றுக்கு என்று கொடுக்காமல், உயிர்பிடித்த கன்றுக்கு மட்டும் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்த ஏற்பாட்டைச் சமூக வளர்ச்சி படிக்கும் எவரும் கவனித்துப் படிக்க வேண்டும். கன்றைக் காப்பாற்றும் பொறுப்பும் அதன் பலனும் ஒரே கையில் இருந்ததால்தான் 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்த காலத்துக்குள் நடப்பட்ட மரங்கள் 3 கோடியை எட்டின என்பது என் கருத்து.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட கேள்வி கண்முன் எழுந்ததுண்டு. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கிய பின், கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது, அதில் சோறு சரியாக வேகவில்லை என்று முதலில் சொன்னவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவுக்கு நடக்க வேண்டியிருந்த பெண்கள். 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா, எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்த அடுப்படிக் கணிப்பு ஆய்வகப் பரிசோதனைகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதை ஓர் ஆய்வுக் கேள்வியாக மாற்றத் தெரிந்தால், நீங்கள் இத்துறைக்கு உரியவர்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியாகத்தான் கேள்வி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பால் சொசைட்டிக்குக் காலையில் போய் நில்லுங்கள். கேனைத் தூக்கி வருகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள், சொசைட்டி உறுப்பினர் புத்தகத்திலும் வங்கிப் பாஸ்புக்கிலும் யார் பெயர் இருக்கிறது என்று இரண்டு பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் எழுந்து கறப்பவர், புல்லறுத்துப் போடுபவர், சாணி வாருபவர் ஒருவராகவும், மாதக் கடைசியில் பணம் ஏறும் கணக்கு இன்னொருவருடையதாகவும் இருந்தால், முனைவர் பட்டத்துக்கே போதுமான பொருள் உங்கள் கையில் இருக்கிறது. ‘கிராமப்புறப் பெண்களின் முன்னேற்றம்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருபவர்களை விட, ‘எருத்தேம்பதியில் பால் பணம் யார் கணக்கில் ஏறுகிறது’ என்று கேட்டு வருபவரை எந்த நல்ல நெறியாளரும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வார்.

சொந்த ஊரையே ஆராய்வது தகுமா என்ற தயக்கம் வேண்டாம். நைஜீரியாவின் இஃபி அமாடியூமே, தம் சொந்த ஊரான நோபியின் இக்போ சமூகத்தை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட நூலால்தான் உலகறிந்த மானிடவியலாளர் ஆனார்.

களத்தில் உட்காரும் முறை

அயல்கூட்டம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்ந்த 10 முதல் 20 பெண்கள் கூடும் அமைப்பு. அதற்கு மேல் வார்டு அளவில் ஏ.டி.எஸ். (பகுதி வளர்ச்சிச் சங்கம்), ஊராட்சி அளவில் சி.டி.எஸ். (சமூக வளர்ச்சிச் சங்கம்) என்று, கேரள அரசின் மகளிர் வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீ அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. 1998-இல் தொடங்கிய இந்த அமைப்பால், கேரளத்தில் ஆய்வு செய்பவருக்கு வேறு பல மாநிலங்களில் கிடைக்காத வசதி ஒன்று கிடைக்கிறது: பெண்கள் கூடும் நாளும் இடமும் முன்கூட்டியே தெரியும். அதனாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. கூட்டத்துக்கு வருபவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஊரையே கேட்டதாக எழுதிவிடும் பழக்கம் ஆய்வேடுகளில் மலிந்திருக்கிறது. கூட்டத்துக்கு வராதவர் யார், காலனியிலிருந்து வந்தவர் எங்கே உட்காருகிறார், அவருக்குத் தேநீர் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பவற்றையும் அதே குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே கேள்விப் படிவத்தை எடுக்கக் கூடாது. சி.டி.எஸ். தலைவியிடம் அனுமதி பெற்று, இரண்டு மூன்று கூட்டங்களில் சும்மா உட்கார்ந்து, சங்கக் கணக்கு எழுத உதவிவிட்டு, அதன் பிறகு பேச்சைத் தொடங்கலாம். தொடங்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அக்கா, நீங்க என்ன வேலைங்க பண்றீங்க?" என்று கேட்டால், "வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர், வீட்ல சும்மாதானுங்க இருக்கறேன்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதே அக்காவிடம், "நேத்து எந்திரிச்சதும் மொதல்ல என்னங்க பண்ணுனீங்க? அதுக்கப்புறம்?" என்று மணி மணியாகக் கேட்டு, ஒரு வெள்ளைத் தாளில் கோடு கிழித்துக் குறித்து வந்தால், வாசல் தெளித்தது, இரண்டு மாட்டைக் கறந்தது, சொசைட்டிக்கு நடந்தது, சோறாக்கிப் பிள்ளைகளை அனுப்பியது, தொழிலுறப்பு (ஊரக வேலைவாய்ப்புத் திட்ட) வேலைக்குப் போனது, மாமியாருக்கு மருந்து கொடுத்தது என்று தாள் நிறைந்துவிடும். தாளைத் திருப்பி அவரிடமே காட்டுங்கள். "இத்தன இருக்குதுங்களா?" என்று அவரே கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் தங்களுடையதையும் எழுதச் சொல்வார்கள். கணவருக்கும் இதேபோல் ஒரு தாள் எழுதி அருகில் வைத்தால்தான் ஒப்பீடு முழுமையாகும். அதற்கு மாலையில் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.

இந்த இருபத்துநாலு மணிநேரத் தாளுக்கு அடுத்தபடியாக எழுத வேண்டியது, பயன்படுத்தும் வாய்ப்பையும் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் பிரித்துக் காட்டும் அட்டவணை. மாடு, தென்னை, நகை, கைபேசி, பாஸ்புக், நிலப் பட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, யார் கையாளுகிறார், யார் விற்கலாம், யாரைக் கேட்டு விற்க வேண்டும் என்று எழுதுங்கள். 1980-களிலிருந்து உலகெங்கும் பாலினப் பயிற்சிகளில் இந்த இரண்டு கருவிகளும் வழங்கி வருகின்றன.

ஆனால் கருவியை அப்படியே கொண்டுவந்து ஊரின் மேல் கவிழ்த்துவிடக் கூடாது. நைஜீரியரான ஓயெரோங்கே ஓயெவூமி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், காலனி ஆட்சிக்கு முந்தைய யொரூபா சமூகத்தை ஒழுங்குபடுத்தியது ஆண், பெண் என்ற பிரிவு அல்ல, வயதில் மூத்தவர், இளையவர் என்ற வரிசையே என்று வாதிட்டார். அவருடைய முடிவை ஏற்காதவர்களும் பலர் உண்டு. எனினும் அவர் எழுப்பிய எச்சரிக்கை நமக்குப் பெரிதும் பயன்படும். நம் வட்டத்தில் கவுண்டர் வீட்டுத் தோட்டத்துப் பெண்ணுக்கும், அதே தோட்டத்தில் களையெடுக்கும் சக்கிலியர் காலனிப் பெண்ணுக்கும் ஒரே அட்டவணையை நீட்டி, இருவரையும் ‘பெண்கள்’ என்ற ஒரே வரியில் கூட்டிச் சராசரி எடுத்தால், ஆய்வேடு அழகாக இருக்கும். உண்மை அதில் இருக்காது. சாதி, நிலம், வயது, மாமியார் மருமகள் நிலை ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளாக வைத்துக்கொள்வதே சரி.

ஏற்கெனவே உள்ள தகவலையும் தேட வேண்டும். 1996-இல், திட்டமிடும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மக்கள் திட்டம் தொடங்கிய பிறகு, கேரள உள்ளாட்சிகள் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற நெறி வந்தது; பல ஊராட்சிகள் ‘ஸ்த்ரீபதவி படனம்’ என்ற பெயரில் பெண்களின் நிலை பற்றி ஆய்வும் நடத்தியிருக்கின்றன. உங்கள் ஊராட்சியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுங்கள். அந்த மனுவைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது.

பட்டமும் தேர்வும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அறிவிப்புகளில் எல்லாம் கிடைக்கும். முதுகலையில் மகளிரியல், சமூகப்பணி, சமூகவியல், பொருளியல், ஊரக வளர்ச்சி ஆகியவற்றில் எதுவும் ஏற்றது. எல்லைக்கு அந்தப்புறம் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகமும், கொடைக்கானலில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும், திண்டுக்கல் அருகே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் உள்ளன. இந்தப்புறம் திருவனந்தபுரத்தில் 1970-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் தேர்வில் மகளிரியல் தனிப்பாடமாக உள்ளது. 2024 முதல் அத்தேர்வு முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் வழியாகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான பொது வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. 2023 தொடக்கத்திலிருந்து அத்தொகை மாதம் 37,000 ரூபாய். திருமணம், பிள்ளைப்பேறு என்று இடையில் நின்றுவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறை: ஆய்வுக்காலத்தில் மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்புப் பெறலாம், காலக்கெடுவிலும் பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் தளர்வு தரப்படுகிறது. நெறியாளர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார். விதிமுறையின் படியை எடுத்துக்கொண்டு போய் எழுத்தில் கேட்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு

பதவி கிடைத்ததும் பாதை சமமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மாத்தாய் பேராசிரியராக இருந்த 1970-களில், திருமணமான பெண் ஆசிரியர்களுக்கு வீட்டு வசதி கணவர் தருவார் என்று சொல்லி ஆண்களுக்குக் கிடைத்த சலுகைகள் மறுக்கப்பட்டன. அவரும் உடன்பணியாற்றிய ஒருவரும் வீட்டுப்படி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றைச் சமமாகக் கேட்டுப் போராடினார்கள். 1982-இல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிற்பதற்காக அவர் பல்கலைக்கழகப் பணியைத் துறக்க வேண்டியதாயிற்று. பிறகு தேர்தல் அதிகாரிகள் தகுதியில்லை என்று தள்ளிவிட, பல்கலைக்கழகமும் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பொதுப்பணியில் இறங்கும் பேராசிரியர் எந்த விதியில் நிற்கிறோம் என்பதை இறங்குவதற்கு முன்பே படித்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சில்வியா தமாலே உகாண்டாவின் சட்ட அறிஞர். மக்கரேரே சட்டப்புலத்தின் முதல் பெண் தலைவராக 2004 முதல் 2008 வரை இருந்தவர். ஒதுக்கீட்டால் நாடாளுமன்றத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்து 1999-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு, பெட்டைக் கோழிகள் கூவத் தொடங்கும்போது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும் என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்தத் தலைப்பை விளக்கத் தேவையில்லை. அவர் கேட்டது இடம் கிடைத்ததா என்பதோடு நிற்கவில்லை. கிடைத்த இடத்தில் பெண்ணால் எதைச் செய்ய முடிந்தது, எது தடுத்தது என்றும் கேட்டார். கேரள உள்ளாட்சிகளில் 2010 முதல் பாதி இடங்கள் பெண்களுக்குரியவை. கணவர் பேசித் தலைவி கையெழுத்திடும் ஊராட்சி எது, தலைவியே செயலாளரைக் கேள்வி கேட்கும் ஊராட்சி எது, இரண்டுக்கும் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தமாலேயின் வழியில் கேட்கலாம். இளம் ஆசிரியர் ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்குப் போதுமான வேலை இது.

இத்துறையில் பணிபுரிபவர்கள் அடிக்கடி இழப்பது களப்பணிக்கான கணக்கை. கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. கிராமசபையில் பேசியதற்கும், பெண்கள் பாதுகாப்புக்கான உள்ளாட்சிக் குழுவான ஜாக்ரதா சமிதிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்ததற்கும், திருச்சூர் அருகே முளங்குன்னத்துக்காவில் உள்ள உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலாவில் ஊராட்சி உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளித்ததற்கும் பதவி உயர்வுப் படிவத்தில் இடம் தேட வேண்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் அழைப்புக் கடிதம், தேதியிட்ட வருகைப்பதிவு, கூட்டத் தீர்மானத்தின் படி ஆகிய மூன்றையும் அன்றே வாங்கிக் கோப்பில் போடுங்கள். ஆண்டுக் கடைசியில் கேட்டால் கிடைக்காது; செயலாளர் மாற்றலாகிப் போயிருப்பார்.

எந்த மொழியில் எழுதுவது

நைஜீரியரான அமினா மாமா, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பாலின ஆய்வு நிறுவனத்தை வழிநடத்தியபோது, 2002-இல் ஆப்பிரிக்கப் பெண்ணியலாளர்களுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். தங்கள் ஆய்வைத் தங்கள் மண்ணிலேயே மதிப்பிட்டு வெளியிடும் இடம் வேண்டும் என்பதே அதன் தேவை. நமக்கு அப்படி ஓர் இதழ் இல்லையென்று காத்திருக்க வேண்டாம். ஒரே ஆய்வை மூன்று விதமாக எழுதப் பழகினால் போதும்: ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் முழுக்கட்டுரை; ஊராட்சி வேலைக்குழுவுக்கு மலையாளத்தில் பரிந்துரைகளோடு நான்கு பக்கம்; தகவல் தந்த பெண்களுக்குத் தமிழில், பெயர்களை மாற்றி, வாசித்தால் கால்மணி நேரத்தில் முடிகிற ஓர் உரை. எல்லையோரத் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த மூன்றும் ஏறத்தாழக் கைவந்த மொழிகள். பெருநகரத்து ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுத்துப் பெறுவது இவருக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்திருக்கிறது. ஆகவே ஆய்வு முன்மொழிவில் ‘மொழித்திறன்’ என்ற தலைப்பில் ஒரு வரியோடு நிறுத்திவிடாமல், எந்தக் கூட்டத்தில் எந்த மொழி பேசப்படுகிறது, எது எந்த மொழியில் பதிவாகும், பதிவேட்டில் மலையாளமாக மாறும்போது என்ன விடுபடுகிறது என்பதை ஆய்வு முறையின் பகுதியாகவே விரித்து எழுதுங்கள்.

தமிழ் உரையை அயல்கூட்டத்தில் வாசிப்பதை ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பால் கணக்கு யார் பெயரில் என்ற பகுதிக்கு வரும்போது, "அது அப்பிடியில்லீங்க" என்று யாராவது திருத்துவார். அந்தத் திருத்தத்தைத் தேதியோடு பின்னிணைப்பில் சேர்த்துக்கொண்டு, அதற்கேற்ப அத்தியாயத்தை மாற்றிய பிறகே ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுங்கள். ஒரு படியை ஊர் நூலகத்துக்கும் ஒரு படியைச் சி.டி.எஸ். அலுவலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை மேலே சொன்ன கோப்பிலேயே வையுங்கள்.